ஆளில்லாக் கரையின் ஆட்கள்

கடற்கரைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்குக் கடலோடு சுண்டலும் வேண்டும், பலூன் சுடுமிடமும் வேண்டும், குழந்தை தொலைந்து திரும்பக் கிடைக்கிற பரபரப்பும் வேண்டும். இன்னொரு வகையினர் கைபேசி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தார்ச்சாலை முடிகிற இடத்தைத் தேடுகிறவர்கள். அதற்கப்பால் மணலில் நடக்க வேண்டும், அல்லது ஒரு படகுக்காரரைக் கெஞ்ச வேண்டும். தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு கவிழ்ந்து மிதந்தால் கீழே பவளமும் மீனும் தெரிய வேண்டும். முக்கியமாக, வேறு யாரும் அங்கே இருக்கக் கூடாது. நான் இந்த இரண்டாவது வகை. பாதை கடினமாக இருப்பதை எங்கள் கூட்டம் குறையாக எண்ணுவதில்லை. அந்தக் கடினம்தான் மற்றவர்களைத் தடுக்கிறது. அந்த மற்றவர்களில் நாங்களும் அடக்கமோ என்ற ஐயம் எங்களுக்கு எழுந்ததில்லை.

தமிழ்நாட்டுக் கரையில் இந்த ஆசைக்கு மிகப் பொருத்தமான இடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சின்னஞ்சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. வான், காசுவார், உப்புத்தண்ணி, நல்லதண்ணி, ஆனைப்பார், வாலிமுனை, அப்பா, தலையாரி, வாழை, முள்ளி, முயல், மனோலி, பூமரிச்சான், புல்லிவாசல், குருசடை, சிங்கில் என்று போகிறது வரிசை. (நல்லதண்ணித் தீவுக்கும் உப்புத்தண்ணித் தீவுக்கும் பெயர் வைத்தவர்கள் இரண்டிலும் ஊற்றுத் தோண்டிக் குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.) இன்று எந்தத் தீவிலும் ஊர் இல்லை. விடுதி இல்லை. தேநீர்க்கடைகூட இல்லை. தீவுகளைச் சுற்றிலும் ஆழமில்லாத தண்ணீரில் பவளத்திட்டுகள். அவற்றுக்கிடையே கடற்புல் படுகைகள். புல்லை மேய எப்போதாவது வந்துபோகும் ஆவுளியா என்னும் கடற்பசு. இங்கே மட்டும் 117 வகைப் பவளங்கள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் கூட்டத்தாரிடம் ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் சொர்க்கத்தை வரையுங்கள் என்றால், ஏறத்தாழ இதைத்தான் வரைவார்கள்.

1986இல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1989இல் அதைச் சூழ 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பூங்காவின் தீவுகள் எத்தனை என்று எந்தக் கையேட்டைத் திறந்தாலும் 21 என்று இருக்கும். தண்ணீருக்கு மேலே 19தான் இருக்கின்றன. விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டிக் கரையேற்றினார்கள். அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சாத தீவை அலை கரைத்தது. தூத்துக்குடியை அடுத்த வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. 2015 முதல் அதன் முன்னால் கான்கிரீட்டில் செயற்கைத் திட்டுகளை இறக்கிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கடல் இலவசமாகக் கட்டிக்கொடுத்த சுவரை விற்றுவிட்டு, சிமென்ட் வாங்கிப் புதுச் சுவர் கட்டியிருக்கிறோம்.

ஆக, மன்னார் வளைகுடாவின் அமைதி சட்டம் போட்டு உண்டாக்கிய அமைதி. அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பவளம் வெட்டியவர்களைத் தடுக்காமல் விட்டிருந்தால் இன்று எழுதுவதற்கே தீவு இருந்திருக்காது. ஆனால் ஓர் இடத்தில் ஆள் இல்லை என்றால், எப்போதிலிருந்து இல்லை, எதனால் இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. மனிதர் காலே படாத கரை என்று விளம்பரத்தில் வருமே, அப்படி ஒரு கரையை இந்தப் பகுதிக் கடலோரத்தில் நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம் ஆட்கள் போன, அல்லது போக்கப்பட்ட கரைகள்.

தனுஷ்கோடி இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி. அது ரயில் நிலையமும் அஞ்சலகமும் சுங்க அலுவலகமும் பள்ளியும் தேவாலயமும் இருந்த ஊர். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலைக்குள் போயிற்று. அரசு அந்த இடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் ஓலைக் குடிசைகளில் மின்சாரம் இல்லாமல் இருந்துகொண்டேயிருந்தன. மணலில் குழி பறித்து ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடித்தன. எங்களைப் போன்றவர்கள் முகுந்தராயர் சத்திரத்தில் வேன் ஏறி, ஈர மணலில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கி, இடிந்த தேவாலயத்தின் முன் நின்று, ‘என்ன அமைதி!’ என்றோம். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது விடுமுறை நாட்களில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. வாழத் தகுதியில்லை என்ற அறிவிப்பு அப்படியே இருக்கிறது. வந்து பார்த்துப் போகத் தகுதியுண்டு என்று தனியாக யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் பீரங்கிக் குறிபார்க்கும் திடல் அது. 2003இல் தேசியப் பூங்காவானது. போர் நடந்த ஆண்டுகளில் அந்தக் கடல் கடற்படையின் கடல். மீனவர் எப்போது போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் பாஸ் கணக்கு. 2009க்குப் பிறகு பயணிகள் வந்து இறங்கியபோது பவளமும் கருமுனைச் சுறாக்களும் தெளிந்த நீரும் இருந்தன. போர் பவளத்தைக் காத்தது என்று வியந்து சொல்லும் ஒரு சுற்றுலா வாசகத்தை நானே கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் நல்லவர்தான். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் எத்தனை வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்தது என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. சமாதானம் வந்த சில பருவங்களிலேயே பவளத்தின் மேல் ஏறி நிற்கிற கால்களும் வந்து சேர்ந்தன.

கூட்டம் ஓர் இடத்தை எப்படி அழிக்கும் என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஒரு ரகசியக் கடற்கரையைப் பற்றிய நாவல். அதை 2000இல் லியோனார்டோ டிகாப்ரியோவை வைத்துப் படமாக எடுத்தார்கள். படம் எடுத்த இடம் உலகத்துக்கே தெரிந்த ரகசியமாயிற்று. ஒரு நாளில் ஐயாயிரம் பேர் வரை அந்தச் சிறு மணல் திட்டில் இறங்கினார்கள். 2018 ஜூனில் மூடினார்கள். நான்கு மாதம் என்று தொடங்கி மூன்றரை ஆண்டு ஆயிற்று. 2022இல் திறந்தபோது படகு உள்ளே வரக் கூடாது, பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும், ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்தார்கள். ஆள் போனதும் சுறாக்குட்டிகள் கரையோரத்துக்கே திரும்பியிருந்தன. இந்தக் கதையைக் கேட்டு மனிதர்கள் விலகினால் இயற்கை பிழைக்கும் என்று முடிவு கட்டுவது எளிது. எந்த மனிதர்கள் என்ற கேள்வி அதில் விட்டுப்போகிறது. மாயாவில் விலக்கப்பட்டவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். அவர்களுக்குப் போக வேறு கடற்கரை இருந்தது. மன்னார் வளைகுடாவில் விலக்கப்பட்டவர்களுக்கு வேறு கடல் கிடையாது.

இராமநாதபுரம் மாவட்டக் கரையில், பாம்பன் சின்னப்பாலம் முதல் கீழக்கரை, ஏர்வாடி வரை, பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். தலைமுறைகளாக நடக்கிற தொழில். அகர் என்ற கூழ்ப்பொருளுக்குப் போகிற மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. அல்ஜினேட் என்ற இன்னொரு கூழ்ப்பொருளுக்குப் போகிற கட்டக்கோரை. விடியும் முன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, குழுவாகப் படகில் தீவுப் பக்கம் போவார்கள். புடவைக்கு மேலே ஆண்களின் பழைய சட்டை, கண்ணில் நீர்க்கண்ணாடி, பாறை அறுக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணிக் கீற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி, கல்லில் ஒட்டிய பாசியைக் கையால் கிள்ளி, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி முங்கி. மணிக்கணக்காக இப்படி. உலகத்தில் எந்தப் பயிற்சி நிலையமும் இவர்களுக்குச் சான்றிதழ் தந்ததில்லை. நாங்கள் குழாய், துடுப்புச் செருப்பு, மிதவைச் சட்டை என்று கட்டணம் கொடுத்து வாங்குகிற அனுபவத்தை, குழாய் இல்லாமல், கூலிக்கும் குறைவான விலைக்கு இவர்கள் பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதை யாரும் ஸ்நார்க்கலிங் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பாம்பன் கரையில் ஒருநாள் தண்ணீரிலிருந்து ஏறி வந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவர், கேட்டார்:

“தண்ணிக்குள்ள என்ன எடுக்க வந்தீக, தம்பி?”

“ஒண்ணும் எடுக்கலக்கா. சும்மா பாக்கத்தான்.”

“பாத்துட்டு?”

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவரே தொடர்ந்தார். “எங்களுக்கும் அதெல்லாம் தெரியத்தான் செய்யும். நாங்க நின்னு பாக்கிறதில்ல, அம்புட்டுத்தான்.”

கேலி இல்லை அந்தக் குரலில். தொழில் செய்கிறவர் தொழில் இல்லாதவரிடம் காட்டுகிற பரிவு இருந்தது.

இந்தப் பெண்கள் எடுக்கும் பாசியின் ஒரு பங்கு மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகராகிறது. அகர் ஐஸ்கிரீமுக்கும் போகிறது, ஆய்வகத் தட்டுகளுக்கும் போகிறது. கடலைக் காக்க வேண்டும் என்று அறிக்கை எழுதுகிற ஆராய்ச்சிக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்வது அகரின் மேல்தான். ஆனால் தீவுகளுக்கு வேலி போட்டபோது அந்த வேலிக்கு வெளியே முதலில் நின்றவர்கள் இவர்கள். தீவில் ஓய்வெடுக்க முடியாது. திட்டருகே போனால் வனக்காவலர் வருவார். பையையும் பாசியையும் பறிப்பதும், அபராதமும், வசவும் ஆண்டுக்கணக்காக நடந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம் பாதுகாப்புப் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்தி. கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே கடல், மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் விடுமுறை, இரும்புச் சுரண்டி கூடாது, கைதான். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற தலைவிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது. தீவுகளைக் காத்ததற்காகக் கலிபோர்னியாவில் மேடையேற்றிப் பாராட்டப்பட்டவர், ஊர் திரும்பி அதே தீவுக்குப் போனால் அத்துமீறியவர்.

பாசி எடுப்பதால் கேடே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஆழமற்ற திட்டின் மேல் நடந்தால் பவளம் உடையத்தான் செய்யும். கல்லைப் புரட்டினால் அதனடியில் இருப்பது சாகும். அவர்கள் கட்டுப்பாடு வைத்ததே அது தெரிந்ததால்தான். ஆனால் கேட்டின் கணக்கை எழுதும்போது வரிசை முக்கியம். பவளத்தை லாரி லாரியாக வெட்டியது ஒரு தொழில். அது நின்றது 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். அடுத்தது விசைப்படகின் இழுவை மடி. அதற்கும் அடுத்தது விருந்தாளி ஒருவர். தென்கிழக்காசியக் கடலிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாபைகஸ் என்ற பாசி இங்கே வளர்ப்புப் பயிராயிற்று. ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒப்பந்தமுறையில் அதைப் பரப்பியது. 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்களின் மேல் அது படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உள்ளூர்ப் பாசியைக் கிள்ளும் பெண் உள்ளே வர அனுமதி வேண்டும். வெளியூர்ப் பாசி அனுமதி கேட்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது கடலின் சூடு. 1998, 2010, 2016 என்று சொல்லிவைத்தாற்போல் இந்த வளைகுடாவில் பவளம் வெளுத்தது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கடல் நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சில வாரம் அப்படியே நின்றால், பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதற்கு நிறமும் சோறும் அந்தப் பாசிதான். வெளுத்த பவளம் அன்றே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கலாம், தணியாவிட்டால் எலும்பு மட்டும் மிஞ்சும். வாடைக்காற்று அடங்கிக் கச்சான் தொடங்குவதற்கு முன்பான இடைவெளியில்தான் இங்கே தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். ஸ்நார்க்கலிங் விரும்பிகளுக்கு அதுதான் பருவம். அந்தப் பருவத்தின் வால்தான் பவளத்தின் பட்டினிக்காலம். வெள்ளை வெளேரென்ற கிளைகள் நீலத் தண்ணீரில் படத்துக்கு அழகாக விழும். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். கடற்சூட்டைத் தடுத்து நிறுத்தும் லத்தி எந்த வனக்காவலர் கையிலும் இல்லை. கையில் இருக்கிற லத்திக்கு எட்டுகிற தூரத்தில் பாசி எடுக்கும் பெண் இருக்கிறார்.

அமைதியைத் தேடிப் போகிறோம் என்கிறோமே, தண்ணீருக்கு அடியில் அது என்ன பொருள் என்று பலருக்குத் தெரிவதில்லை. காது மூழ்கும்படி மிதந்து, மூச்சை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். உயிருள்ள பவளத்திட்டு ஒருபோதும் சும்மா இருக்காது. எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல் ஓயாத பொரிச்சல். ஒற்றைக் கொடுக்கைச் சொடுக்கி இரையை அதிர வைக்கிற விரல் நீள இறால்கள் அவை. கிளிமீன்கள் கல்லைக் கடித்து அரைக்கும் கரகரப்பு. வேறு மீன்களின் முனகலும் உறுமலும். திறந்த கடலில் பொரித்து மிதந்து அலையும் மீன்குஞ்சுகள் இந்த இரைச்சலைக் கேட்டுத்தான் தங்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் 2016 வெளுப்புக்குப் பிறகு அதே இடங்களில் ஒலிப்பதிவு செய்தவர்கள் திட்டு மௌனமாகிவிட்டதைக் கண்டார்கள். அந்த மௌனத்தைக் கேட்டு வந்த குஞ்சுகளும் குறைந்திருந்தன. பிறகு அவர்கள் செத்த பவளக் குவியல்களுக்கிடையே ஒலிபெருக்கி வைத்து, நலமாயிருந்த காலத்து இரைச்சலைப் போட்டுக் காட்டினார்கள். ஒலியில்லாத இடங்களைப்போல் இருமடங்கு மீன்குஞ்சுகள் வந்து சேர்ந்தன. 2019இல் வெளியான ஆய்வு இது. முழு அமைதி நிலவும் பவளத்திட்டு வேண்டுமென்றால், செத்த திட்டுக்குத்தான் போக வேண்டும். கரைக்கு மேலேயும் இதையே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாசி காயும் நாற்றம், வலை பின்னுகிறவர்களின் பேச்சு, நாய்க் குரைப்பு, மாதா கோயில் ஒலிபெருக்கி எல்லாம் இருக்கிற கரை உயிரோடு இருக்கிற கரை. என் கூட்டத்துக்கு அது பிடிக்காது. நாங்கள் அடுத்த வளைவு வரை நடப்போம்.

வந்து பார்க்கிறவர்களே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மிதந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். பாக் விரிகுடாப் பக்கம் பிரப்பன்வலசையில் கடற்புல்லின் மேல் மிதந்து பார்க்கலாம். படகை ஓட்டுகிறவர், கண்ணாடியை மாட்டிவிடுகிறவர், நண்டுக் குழம்போடு சோறு போடுகிறவர் எல்லாம் அதே ஊர். கூட்டம் இருக்கும், குழந்தைகள் கத்தும், தண்ணீர் எப்போதும் தெளிந்திருக்காது. ஆளில்லாத தீவைவிட அந்த இடங்கள் எனக்கு இப்போது மேலாகப் படுகின்றன. அங்கே யாரை அப்புறப்படுத்திவிட்டு நான் மிதக்கிறேன் என்று யோசிக்க வேண்டியதில்லை.

குருசடையில் நிலைமை வேறு. பாம்பன் குந்துகாலிலிருந்து, விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய இடத்திலிருந்து, பார்வைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது அந்தத் தீவு. உயிரியலாளர்களின் சொர்க்கம் என்பது அதன் பட்டப்பெயர். சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே அதன் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. வகுப்பு வகுப்பாகக் கல்லூரி மாணவர்கள் வந்து, குப்பியில் பிடித்துப் போனார்கள். ஆராய்ச்சிக்காரருக்கு அந்தத் தீவு என்றைக்கும் முழுதாக மூடியதில்லை. அண்மை ஆண்டுகளில் வனத்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு குந்துகாலிலிருந்து அங்கே சுற்றுலாப் படகு விடத் தொடங்கியது. அளவோடு, காவலோடு செய்தால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கரையிலிருந்து ஒரே தீவுக்கு இரண்டு படகுகள் புறப்படுகின்றன. ஒன்றில் இருப்பவர்கள் விருந்தினர், மற்றொன்றில் இருப்பவர்கள் குற்றவாளிகள். எந்தப் படகில் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவைப் படித்தால் இதன் காரணம் தெரியும். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு எதற்கெல்லாம் தரலாம் என்று அது வகுத்திருக்கிறது: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான காரியம். தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவு பொருந்தும். வேடிக்கை பார்ப்பது பட்டியலில் இருக்கிறது. பாசி எடுப்பது இல்லை. உள்ளே குடியிருப்பவரோடு காரியம் என்று போகலாமென்றால், உள்ளேதான் யாரும் குடியில்லையே. சட்டம் எழுதியவர்கள் யானைக் காட்டை மனத்தில் வைத்து எழுதினார்கள். கடலைப் பற்றி யோசித்த இடம் ஒன்று உண்டு, பின்னால் 1991 திருத்தத்தில் சேர்ந்த 26ஏ பிரிவு. ஆட்சிக்குட்பட்ட கடற்பகுதியைச் சரணாலய எல்லைக்குள் சேர்ப்பதானால், உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்கிறது அது. இதுவும் தேசியப் பூங்காவுக்குப் பொருந்தும். பாசி எடுக்கும் பெண்ணும் மீனவர்தான் என்று படிப்பதற்கு அந்தப் பிரிவில் எந்தத் தடையும் இல்லை; அப்படிப் படிக்க அதிகாரிக்கு மனம் வேண்டும், கேட்பதற்கு ஆள் வேண்டும்.

கேட்கும் ஆளாகப் பயணி இருக்கலாம். அந்தப் பெண்களைவிட அவருக்கு இதில் வசதி அதிகம். அவரிடம் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை குந்துகாலில் வரிசையில் நின்று குருசடைக்குச் சீட்டு வாங்குகிறவர்கள், சில்லறையை எண்ணி வாங்கிய பிறகு, பின்னால் நிற்பவருக்கு வழிவிடும் முன், உள்ளே இருப்பவரிடம் ஒன்றை மரியாதையாகக் கேளுங்கள்: பாசிக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கவுன்டரில் சீட்டுக் கொடுக்கிறீர்கள்?